களிமண் திருடன்



நம் நாச்சாரம் காலனிக் குழந்தைகள் களிமண் பொம்மைகளைக் கொண்டு ஒரு படம் தயாரித்திருக்கின்றனர். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம். மீண்டும் நகர்த்தி மற்றொன்று. விநாடிக்கு 12 வீதம், ஒரு நிமிஷத்திற்கு 720 படங்கள்! பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை இவ்விதம் ஆடவைத்தவர்.

ஒத்திகையில் நாம் அனைவரும் நகைத்தோம். திருட்டுப் பொம்மை மட்டும் கன்னங்கறுப்பு. அது பேசியதோ கொச்சைத் தெலுங்கு. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் நகைக்கவில்லை.

1968-இல் வெளிவந்த 'படோஸன்' ஹிந்திப் படத்தில் தமிழ்ச் சங்கீத வாத்தியாரின் பேச்சை நையாண்டி செய்தது நமக்கு இன்னும் உறுத்துகிறதன்றோ? மொழியினரையும் வட்டாரத்தினரையும் ஏளனமாகச் சித்திரிக்கும் நிகழ்ச்சி கூடாதென்று 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாவது விதி தடுக்கிறது. அது நம்மைக் காக்க வந்த விதி என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். நமக்கும் அது பொருந்துமென்று தோன்றவேயில்லை.

சங்கத்தின் படத்தை அவ்விதி கட்டுப்படுத்தாது என்றார் ஓர் அன்பர். மெய்தான். ஆயினும் அந்த அம்மாளின் முகத்தை நாம் பார்த்துவிட்டோமே!

பேச்சை மாற்றுவது எளிது. நிறத்தை மாற்றுவது அப்படியன்று. திருடன் வரும் பத்து விநாடிக்குரிய 120 படங்களையும் குழந்தைகள் புதிதாக எடுத்தனர். இன்று படம் தாமதமாகத் தொடங்குவதற்குக் காரணம் அதுவே, பொறுத்தருள்க.