சிற்றோவியமும் சிறு கவிதையும்



வில்லியனூரிலும் பாகூரிலும் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிப் பழகியவர்கள் நாம். கையில் ஏந்தி, அருகில் வைத்துக் காணவேண்டிய கலை சிற்றோவியம்.

மேவார் மன்னர் ஜகத்சிங் தொடங்கிவைத்த வான்மீகி இராமாயண ஓவியச் சுவடி 1649-க்கும் 1653-க்கும் இடையே உருவானது. ஏறத்தாழ 400 ஓவியங்கள். யுத்த காண்டத்தை வரைந்தவர் சாகிப்தீன் என்னும் இசுலாமியக் கலைஞர். இந்திரசித்தன் நாகபாசம் ஏவும் ஏட்டில், அவனே பலமுறை தோன்றுகிறான். இராம இலக்குவர் பிணிப்புண்டு கிடக்கின்றனர். அவர்களைக் காணச் சீதை புட்பக விமானத்தில் கொண்டுவரப்படுகிறாள். அடுத்தடுத்து நிகழ்ந்தவை யாவும் ஒரே பரப்பில் அமைகின்றன.

தஞ்சைக்கு அருகே புள்ளமங்கையில், 10-ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயிலின் அடித்தளத்திலும் இராமகாதை உண்டு. சாண் அளவுக்கும் சிறிய கல்லில் ஒரே ஒரு கணம்.

ஓவியன் பல கணங்களைச் சேர்த்தான். சிற்பி ஒன்றைத் தேர்ந்தான். இருவரும் நம்பியது, காண்பவன் நெஞ்சில் முன்னரே குடியிருந்த கதையை. அதனை அறியாதவனுக்குச் சாகிப்தீனின் ஏடு வெறும் கூட்டம். கல், வெறும் கல்.

நம் குறுங்கவிதைகளும் அவ்வாறே. பாஞ்சாலி என்று ஒரு சொல் எழுதுகிறோம். அச்சொல்லை நிரப்பியது திரௌபதியம்மன் கோயிலில் விடியவிடிய நடந்த பாரதக் கூத்து. அதனைக் காணாத பிள்ளைகள் நாளை நம் வரிகளில் எதைக் காண்பர்?

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில், கவிதை படிக்கும் மாலைகளுள் ஒன்றைக் கதை சொல்வதற்கு ஒதுக்குவோம், பிள்ளைகளையும் அழைப்போம்.