தலையெழுத்தும் நினைப்புப் பழக்கமும்

(செஞ்சிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மனிதனுடைய நினைப்புப் பழக்கம் என்பதாகும். கள் குடிப்பதும் பொடி போடுவதும் பழக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நினைப்பதும் ஒரு பழக்கந்தான் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஒரு காரியம் நடந்தால், "ஏன் நடந்தது?" என்று கேட்பது ஒரு பழக்கம். "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிப் படுத்துக்கொள்வது மற்றொரு பழக்கம். இவ்விரண்டில் எது நம்மிடம் ஊறிவிடுகிறதோ, நாம் அதன்படியே ஆகிவிடுகிறோம்.

இதற்கு அத்தாட்சி தேடித் தூரம் போகவேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1714-ல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்துச் சண்டையில் மாண்டான். ஏன் மாண்டான் என்றால் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? புறப்படுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டானாம்; சாமி வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்; கேளாமல் போனதால் செத்தானாம்! கல்லில் செதுக்கிய உருவத்தின் முகம் ஒரு பக்கமாக இருந்தால், அப்படி வைத்தது சிற்பியின் உளியேயல்லாமல் வேறென்ன? உண்மையான காரணமோ வெகு சாதாரணமானது. நவாபு கப்பப் பாக்கி கேட்டார், தேசிங்கு மறுத்தான், பல ஆயிரம் பேர் கொண்ட சேனைக்கு எதிரே சில நூறு பேருடன் போய் விழுந்தான். அவ்வளவுதான்.

அவனுடைய வீரத்தை நாம் குறைவாகப் பேசவில்லை. ஆனால் சாமி திரும்பிய கதையை 300 வருஷமாகச் சொல்லி வந்ததால் நமக்கு விளைந்த பலன் என்ன? ஆள்பலத்தையும் பொருளையும் எண்ணிப் பார்க்கவேண்டியதில்லை, உத்தரவு கிடைத்தால் போதும் என்கிற புத்திதானே விளைந்தது?

இதே ஊரில் வேறு விதமாக நினைத்தவர்களும் இருந்தார்கள். கோட்டை கட்டினவர்கள் சாமி கும்பிடாதவர்களல்ல. ஆனாலும் கட்டும்போது கணக்கைத்தான் பார்த்தார்கள். மூன்று மலைகளை மதிலால் இணைத்தார்கள், குளம் வெட்டினார்கள், களஞ்சியம் கட்டினார்கள். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியிலுள்ள பெரும் பிளவையே காவலாக்கி, மேலே பாலம் போட்டார்கள். 1690-ல் மொகலாயர் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. மொகலாயச் சேனைக்குள் இருந்த பூசலும் அதற்கு ஒரு காரணம். மலையும் மதிலும் தண்ணீரும் தானியமும் மற்றொரு காரணம். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இக்கோட்டை இடம் பெற்றது அந்தக் கணக்குக்குக் கிடைத்த மரியாதையேயாகும்.

"விதி என்று நினைத்தால் மனத்துக்குச் சமாதானமாவது கிடைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். பெரியம்மையை மாரியம்மன் கோபம் என்று நினைத்த காலமெல்லாம் வேப்பிலை செருகினோம், கூழ் ஊற்றினோம், குழந்தைகளையும் புதைத்தோம். அது ஒட்டுவாரொட்டி நோய் என்று அறிந்து அம்மை குத்திக்கொண்ட பிறகு, 1975-க்குமேல் இந்தியாவில் அந்நோய் இல்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அம்மன் கோபம் எங்கே போயிற்று? பிள்ளையைப் பறிகொடுத்த பின் கிடைக்கும் சமாதானம் மேலா, பிள்ளை பிழைப்பது மேலா?

நிற்க. பெரியம்மை போயிற்றே தவிர, அந்தப் புத்தி போகவில்லை. பரீட்சையில் பையன் தவறினால் மறுபடி பணம் கட்டுகிறோம். பெண் தவறினால் "படிப்பு அவள் தலையில் எழுதவில்லை" என்று மாப்பிள்ளை தேடுகிறோம். அவளுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா, பாடம் விளங்கிற்றா, வீட்டு வேலை போகப் படிக்க நேரம் கிடைத்ததா என்று கேட்பவர் யார்? இதையே கேட்டுக் கேட்டு, அவளும் தன்னை மக்கு என்றே நம்பிவிடுகிறாள். பிரம்மா எழுதாததை நாமே அவள் தலையில் எழுதிவிடுகிறோம்!

தோழர்களே! ஆடு மேய்ப்பவர் நடந்து நடந்துதான் காட்டில் ஒற்றையடிப் பாதை உண்டாகிறது. நடப்பதை நிறுத்தினால் புல் முளைத்துவிடும். நினைப்பும் அப்படியே. ஆகவே இனி "தலையெழுத்து" என்ற சொல் நாக்கில் வரும்போதெல்லாம் அதைச் சற்று நிறுத்தி, காரணம் என்ன, அதை மாற்ற நம்மால் ஆவது என்ன என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முதலில் கஷ்டமாயிருக்கும், பிறகு அதுவே பழக்கமாகிவிடும்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். அதுவும் ஒரு கெட்ட பழக்கமேயாகும். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளுங்கள்.