காப்புப் பிரதியும் காலச் சிக்கனமும்

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையைத் தீய நிரலொன்று தாக்கியது. சுமார் 5000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையுள்ள தரவுகள் மீளக் கிடைத்தில. அக்காலத்துக்குரிய பிரதியொன்று வலையமைப்புக்குப் புறம்பே தனித்து வைக்கப்படாமையே அதற்குக் காரணம்.

பிரதியெடுத்தல் அவசியமென்பதை மறுப்பார் இலர். எனினும், அது விழுங்கும் நேரத்தை அஞ்சியே பலர் அதனைப் பின்போடுகின்றனர். ஒரு டெராபைட் அளவான தரவைச் செக்கனுக்கு 100 மெகாபைட் வீதம் பிரதி செய்யின் 10,000 செக்கன், அஃதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் செல்லும். பத்து டெராபைட்டாயின் ஒரு முழு நாளும் போதாது. இரவிலே தொடங்கிய வேலை, மறுநாள் அலுவலகம் மூடிய பின்னரும் நடந்துகொண்டிருக்கும்.

இதற்கு வேகமான பொறியை வாங்குதல் ஒரு வழி. வேண்டாத வேலையைச் செய்யாது விடுதல் அதனினும் சிறந்த வழி. கடைக் கணக்கர் அன்றாடம் நடந்த கொடுக்கல் வாங்கலை நாளேட்டில் எழுதுகின்றாரேயன்றிப் பேரேடு முழுவதையும் நாள்தோறும் புதிதாக எழுதுவதில்லை. அது போலவே, வாரத்துக்கொரு முறை முழுப் பிரதியும் ஏனைய நாட்களில் மாறியவற்றின் பிரதியும் எடுத்தல் தகும். ஒரு டெராபைட்டில் நூற்றிலொரு பங்கே மாறியிருப்பின், மேற்கூறிய வேகத்தில் அதைப் பிரதி செய்ய 100 செக்கன் போதும். மாறியது எதுவெனக் கண்டறியும் நேரம் மட்டும் வேறாகும்.

மாறியதைக் கண்டறிவது எங்ஙனம்? கோப்பின் அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிடுதல் எளிய முறை. ஆயின் பெருங் கோப்பொன்றின் நடுவே ஒரு வரி மாத்திரம் புகுந்திருப்பின் முழுவதையும் அனுப்புதல் வீண். 1996 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ ட்ரிட்ஜல், போல் மக்கெராஸ் என்னும் இருவர் 'ஆர்சிங்க்' எனும் முறையை விளக்கி அறிக்கை வெளியிட்டனர். பழைய பிரதியுள்ள கணினி அதனைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணித்து அனுப்பும். புதிய கோப்புள்ள கணினி அவ்வெண்களைக் கொண்டு ஒத்த பகுதிகளை எவ்விடத்திலும் கண்டறிந்து, ஒவ்வாத பகுதிகளை மட்டும் அனுப்பும். ஈண்டு மிஞ்சுவது பாதையிற் செல்லும் சுமையே. கோப்பை வாசிக்கும் வேலை இரு புறத்தும் உண்டு.

தரவுத்தளங்களின் நிலை வேறு. அவை இயங்கிக்கொண்டிருக்கும்போது கோப்புகளை வெறுமனே பிரதி செய்தால், ஒரு பகுதி பழையதும் ஒரு பகுதி புதியதுமாய் முரண்படும். ஆதலின் பல தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலிற் பதிவேடொன்றில் எழுதுகின்றன. இதுவே அவற்றின் நாளேடு. முழுப் பிரதியொன்றும் அதன் பின்வந்த பதிவேடுகளும் இருப்பின், வேண்டிய கணம் வரை மீட்கலாம். 2024 இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 17 ஆம் பதிப்பு, மாறிய பகுதிகளை மட்டும் பிரதியெடுக்கும் வசதியையும் அளித்தது.

ஆயினும் விரைவுக்கு ஒரு விலையுண்டு. முழுப் பிரதியைத் தொடரும் சிறு பிரதிகள் சங்கிலிக் கண்ணிகள் போன்றவை. இடையில் ஒன்று கெடின் அதன் பின்னுள்ளவை பயன்படா. எனவே காலத்துக்குக் காலம் புதிய முழுப் பிரதி எடுத்தலும், ஒரு பிரதியைத் தொடர்பற்ற இடத்தில் வைத்தலும், மீட்டுப் பார்த்தலும் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி, திறந்து பாராத பெட்டகம் போன்றது. உள்ளே பொருள் உண்டோ இல்லையோ என்பது தேவை வந்த அன்றே தெரியவரும்.