தண்டனைக்கு ஒரு முடிவு நாள்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் ஒழுக்கம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் உடற்கல்வி ஆசிரியர். அதனால் ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை வழியாகவே பேசுகிறேன். அவர் ஜப்பானின் இறகுப்பந்து வீரர் கென்டோ மொமோட்டா.

1994இல் ககாவா மாகாணத்தில் பிறந்தவர். சூப்பர்மேன் கதையில் வரும் கிளார்க் கென்ட்டை நினைத்து அப்பா வைத்த பெயர்தான் கென்டோ. தொடக்கப்பள்ளி முடிந்ததும் இறகுப்பந்து கற்பதற்காக, வீட்டிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஃபுகுஷிமாவின் டொமியோகாவுக்குப் போனார். 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் அணுஉலை விபத்தும் அந்தப் பகுதியைத் தாக்கின. அப்போது அவர் பயிற்சிக்காக இந்தோனேசியாவில் இருந்தார். டொமியோகா ஊரே காலி செய்யப்பட்டது. பள்ளி அணி இனவாஷிரோ என்ற ஊருக்கு இடம் மாறிப் பயிற்சியைத் தொடர்ந்தது. மறு ஆண்டே மொமோட்டா உலக இளையோர் சாம்பியன் ஆனார். 2015இல் உலகப் போட்டியில் வெண்கலமும் வென்றார்.

2016 ஏப்ரலில் எல்லாம் சரிந்தது. சட்டவிரோத சூதாட்ட விடுதிக்குச் சென்றதைப் பத்திரிகையாளர்கள் முன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 21. இறகுப்பந்து சங்கம் அவருக்குக் காலவரையற்ற தடை விதித்தது. நான்கு மாதத்தில் நடக்கவிருந்த ரியோ ஒலிம்பிக் வாய்ப்பு பறிபோனது.

தண்டனை கடுமையானதுதான், செய்த தவறும் சிறியதல்ல. ஆனால், அவர் பணியாற்றிய நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. ஆடுகளம் மூடியிருந்த காலத்தில் உடலை வலுப்படுத்தும் பயிற்சியில் கவனம் செலுத்தினார். சுமார் ஓராண்டுக்குப் பின் தடை நீங்கியது. 2017 மே மாதம் உள்நாட்டுப் போட்டியில் மீண்டும் மட்டையைப் பிடித்தார். 2018இல் நான்ஜிங்கில் உலக சாம்பியன் ஆனார். ஆடவர் ஒற்றையரில் அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஜப்பானியர் அவரே. 2019இல் மீண்டும் உலகப் பட்டம். அந்த ஓராண்டில் மட்டும் 11 பட்டங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் மாணவன் ஒருவன் நினைவு வந்தது. கபடியில் நல்ல ஆட்டக்காரன். பள்ளிக்குப் பின்புறம் காசு வைத்துச் சீட்டாடியபோது பிடிபட்டான். "இனிமேல் மைதானப் பக்கமே வராதே" என்றேன். அவன் சொல் தட்டாத பையன், வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை. தவறைக் கண்டித்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தண்டனை என்று முடியும் என்று நான் சொல்லவே இல்லையே, அதுதான் உறுத்துகிறது.

மொமோட்டாவின் கதை வெற்றியோடு முடிந்துவிடவில்லை. 2020 ஜனவரியில் மலேசியாவில் பட்டம் வென்றுவிட்டு விமான நிலையம் செல்லும் வழியில் விபத்து. ஓட்டுநர் இறந்தார். ஊர் திரும்பிப் பயிற்சியைத் தொடங்கிய மொமோட்டாவுக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தது. கண்குழி எலும்பில் முறிவு இருந்தது அதன்பிறகே தெரிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்நிலை வீரராக இறங்கியவர், குழுச் சுற்றிலேயே தென்கொரியாவின் ஹியோ குவாங்-ஹீயிடம் தோற்றார். 2024இல் ஒலிம்பிக் பதக்கம் இல்லாமலேயே தேசிய அணியிலிருந்து விலகினார்.

ஆகவே, மன்னித்தால் பிள்ளை பதக்கத்தோடு வருவான் என்று நான் உறுதி சொல்லவில்லை. பதக்கம் வராமலும் போகலாம். திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இப்போது நான் மூன்று காரியம் செய்கிறேன். தண்டனை தரும்போதே அது முடியும் நாளையும் சொல்லிவிடுகிறேன். 'காலவரையற்ற' என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதுவரை செய்ய ஒரு வேலை தருகிறேன்: கோடு போடுவது, சிறு பிள்ளைகளுக்கு நடுவராக நிற்பது. அந்த நாள் வந்ததும் நானே வகுப்பறை வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

மூன்றாவதுதான் கடினம். அதில்தான் நம் கௌரவம் குறுக்கே நிற்கும். இருந்தாலும் நாளைக் காலை, உங்கள் பள்ளியிலும் அப்படிக் காத்திருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள்.