எழுத்து வசப்படாத சிறுவன்

1896-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் வெளிவந்த 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்னும் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்று இடம்பெற்றது. அதை எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்பவர்; இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஸீஃபோர்டு என்னும் ஊரில் மருத்துவத் தொழில் புரிந்தவர். பெர்ஸி என்னும் பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றியது அக்கட்டுரை. கல்வியைப் பற்றிய பெரிய பெரிய நூல்களைக் காட்டிலும் அது பள்ளிக்கூடங்களைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெர்ஸி அறிவுக் கூர்மையுள்ளவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், ஒத்த வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவன் அல்லன். பார்வையும் நன்றாகவே இருந்தது. ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் பாடம் கேட்டு வந்தான். அவனுக்குப் படிப்புச் சொல்லித்தர எவரும் சலித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இருந்தும் ஏழாண்டு உழைப்பிற்குப் பின்னர் அவனுக்கு வாய்த்தது தனித்தனி எழுத்துக்களை அடையாளம் காணும் திறமையும், மிகச் சிறிய சில சொற்களும் மாத்திரமே. சொல்வதை எழுதச் சொன்னால், சொற்கள் உருமாறித் தாளில் விழுந்தன. தன் பெயரையே அவன் எழுத்து முன்பின்னாக எழுதினான். பெர்ஸி என்பது ப்ரெஸி ஆயிற்று. தவறு ஒரு முறைக்கு மேல் சுட்டிக்காட்டப்பட்ட பிறகே அவன் கண்ணில் பட்டது. அச்சிட்ட சொற்கள் தனக்கு எப்பொருளும் தரவில்லை என்று அவனே சொன்னான்.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகச் சொல்வது நம் மரபு. பெர்ஸிக்கு எண் என்னும் கண் நன்றாகவே திறந்திருந்தது. ஒன்பது இலக்க எண்ணைத் தடையின்றிப் படித்தான். 749-ஐ 867-ஆல் விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான். (நீங்களும் பெருக்கிப் பாருங்கள், 649383 வர வேண்டும்.) அப்படிப்பட்டவன் நான்கை அரையால் பெருக்கும் எளிய கணக்கில் மட்டும் தடுமாறினான். மனிதமூளை ஒரே சீராக நெய்யப்பட்ட துணி அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அவனுக்குச் சில ஆண்டுகள் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் கூறியதையும் மார்கன் குறித்துள்ளார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்றாராம் அவர். காதின் வழியே புகுந்தது எதுவும் அப்பையனிடம் வீணாகவில்லை என்பதுதானே இதன் பொருள்? வானொலியில் பேசுகிறவனுக்கு இந்தச் சொல் ஒரு தனி மகிழ்ச்சி தருகிறது. இதோ, இந்தப் பேச்சைப் பெர்ஸி கேட்டிருந்தால் ஒரு சொல்லையும் விட்டிருக்க மாட்டான். இதையே அச்சிட்டு அவன் கையில் கொடுத்துத் தேர்வு வைத்தால் பூச்சியம் வாங்கியிருப்பான். பூச்சியம் எதை அளந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்நிலைக்கு அக்கால மருத்துவர்கள் 'சொற்குருடு' என்று பெயரிட்டனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887-இல் வெளியிட்ட நூலில் 'டிஸ்லெக்ஸியா' என்னும் சொல்லை ஆண்டார். மூளையில் நோயுற்ற முதியவர்களுக்கு உண்டாகும் குறையையே அவர் குறித்தார். பின்னர் பிறவியிலேயே இத்தொல்லை உடைய பிள்ளைகளுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. கிளாஸ்கோ நகரத்துக் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட் இத்துறையில் இடைவிடாது எழுதி, 1917-இல் ஒரு நூலே வெளியிட்டார். கண் மருத்துவர்கள் இதில் முன் நின்றது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை படிக்கவில்லை என்றால் பெற்றோர் முதலில் கண்ணைத்தானே சோதிக்கச் செய்வார்கள்?

ஆனால் குறை கண்ணில் இல்லை. பேச்சு குழந்தைக்கு இயல்பாக வருகிறது. எழுத்தோ மனிதன் சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த கருவி. அதற்கென்று தனி உறுப்பு ஒன்றும் மூளையில் முன்கூட்டி அமைந்திருக்கவில்லை. சொல்லைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் ஒரு குறியோடு முடிச்சுப் போட்டு, அம்முடிச்சுகளை நொடிப்பொழுதில் அவிழ்க்கவும் கட்டவும் மூளை பழக வேண்டும். டிஸ்லெக்ஸியா உடையோரில் பெரும்பாலோருக்கு இந்த ஒலிப் பிரிப்பே கடினமாக இருக்கிறது என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேர் வரை இவ்வாறு இருக்கலாம் என்பது பெரும்பாலும் கூறப்படும் கணக்கு. அப்படியானால் பெரிய வகுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பெர்ஸியாவது உட்கார்ந்திருக்கிறான்.

ஆங்கிலத்தின் தாறுமாறான எழுத்துக்கூட்டலே இதற்குக் காரணம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்தொல்லை இராது என்று சிலர் எண்ணுவர். அது முழு உண்மை அன்று. எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் இக்குறை பிழையாக வெளிப்படுவதைவிடத் தாமதமாக வெளிப்படும். படிப்பான்; ஆனால் ஊர்ந்து ஊர்ந்து படிப்பான். வரியின் முடிவை எட்டும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். தமிழிலும் இடறுகற்கள் இல்லாமல் இல்லை. 'கொ' என்னும் எழுத்தை நினைத்துப் பாருங்கள். வாயில் முதலில் பிறப்பது க். தாளிலோ கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. ந, ன, ண என்றும், ல, ள, ழ என்றும் வரும் எழுத்துக்கள் காதுக்கும் கண்ணுக்கும் சேர்ந்தே சோதனை வைக்கின்றன.

அத்தகைய பிள்ளை வகுப்பில் படும் பாட்டை உடன் இருப்பவர்கள் அறிவதில்லை. ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்கப் படிக்கச் சொல்லும் வேளையில், அவன் தன் முறை எப்போது வரும் என்று தலைகளை எண்ணுகிறான். தன் பங்குக்கு வரப்போகும் பத்தியைப் பிறர் படிக்கும்போதே மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறான். பாடம் அவன் காதில் விழுவதில்லை. கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்குமுன் அது அழிக்கப்படுகிறது. 'வாயால் நன்றாகச் சொல்கிறாயே, எழுத ஏன் சோம்பல்?' என்ற கேள்வி பின்தொடர்கிறது. எல்லாரையும்விட இருமடங்கு உழைப்பவனைச் சோம்பேறி என்று சொல்வது கொடுமை. அதைப் பலமுறை கேட்டபின் அவனே அதை நம்பத் தொடங்குவது அதனினும் கொடுமை.

கரோல் கிரைடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி அப்படி நம்பி வளர்ந்தவர். எழுத்துக்கூட்டல் வராமல் தனிப்பாடத்திற்கு அனுப்பப்பட்ட சிறுமி, தான் மந்தபுத்தி உடையவள் என்றே எண்ணினார். பிற்காலத்தில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்விலும் அவருடைய மதிப்பெண் குறைவே. பல பல்கலைக்கழகங்கள் கதவடைத்தன. ஏற்றுக்கொண்ட பெர்க்லியில், எலிசபெத் பிளாக்பர்ன் என்னும் பேராசிரியையிடம் சேர்ந்து, குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் நொதியை 1984-இல் கண்டறிந்தார். 2009-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இவ்வரிசையில் ஐன்ஸ்டைனையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. பெரியோர் பட்டியலை நீட்டுவதால் பயனும் இல்லை. நோபெல் பரிசு பெறாத பிள்ளைக்கும் படிக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

படிக்கக் கற்பிக்க வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் ஸாமுவேல் ஆர்ட்டன் 1925 முதல் செய்த ஆராய்ச்சியைக் கொண்டு, அன்னா கில்லிங்ஹாம் என்னும் அம்மையார் 1930-களில் ஒரு பயிற்றுமுறையை வகுத்தார். ஓர் எழுத்தைக் கண்ணால் பார்த்து, அதன் ஒலியை வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் வரைதல். ஒன்று நிலைத்தபின் அடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் திண்ணைப் பள்ளிகள் நினைவுக்கு வந்தன. அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொன்னார்கள். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் அதைக் கண்டு தம் விடுதியிலும் புகுத்தினார். 1797-இல் லண்டனில் நூலாகவும் எழுதினார். மணல் மருந்தாகிவிடாது, தேர்ந்த ஆசிரியரும், படிப்படியான ஒழுங்கும், மிகுந்த பொறுமையும் இன்றியமையாதவை. ஆயினும் விரலும் வாயும் படிப்பில் பங்குபெற வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இக்குறை இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒரு துணைவரும் பெற இன்று வழி இருக்கிறது. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சோதனை வேண்டும். சோதனைக்கு அனுப்ப முதலில் ஒருவர் கவனிக்க வேண்டும். சென்னையிலேனும் இதற்கான சங்கமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உண்டு. சிற்றூர்ப் பள்ளியில் பெரும்பாலும் பக்கத்து இருக்கைத் தோழனே முதலில் கவனிக்கிறான்.

தேர்வு நெருங்கும்போது பாடத்தை உரக்கப் படிக்கும் வழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அப்போது அத்தோழனையும் அருகில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, படித்ததை அவனை வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.