முட்டி வலிக்காரருக்குத் தண்ணீரில் ஒரு நடை



ஜொகூர், பாலோ வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்த தலைமுறை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. விடியுமுன் எழுந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்களுக்கு இப்போது கோயில் படியே மலையாகத் தெரிகிறது. டாக்டர் 'நடங்கள்' என்கிறார். முட்டியோ 'முடியாது' என்கிறது. இந்த இழுபறியில் நாற்காலியோடு ஒடுங்கிப்போன பாட்டிமார் எத்தனை பேர்!

இவர்களுக்கு ஒரு வழி உண்டு. தண்ணீரில் நடப்பது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு பாட்டி இடுப்பளவு நீரில் நின்றால், கால்கள் தாங்கும் சுமை ஏறக்குறைய 30 கிலோதான். நெஞ்சளவு நீரில் சுமார் 20 கிலோ. கழுத்தளவில் ஆறு கிலோ போல. பாதிச் சுமையை நீர் வாங்கிக்கொண்டால் தேய்ந்த மூட்டு ஏன் முனகப் போகிறது?

அப்படியானால் உடலுக்கு வேலையே இல்லையே என்று தோன்றலாம். அதுதான் இல்லை. தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரு மடங்காக்கினால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் தரையில் நடக்கும் வேகத்தில் பாதி, சில நேரம் மூன்றில் ஒரு பங்கு வேகமே, அதே அளவு சக்தியைச் செலவழிக்கும். தடுமாறினாலும் நீர் மெல்லத் தாங்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் பாதி போய்விடும்.

இருதயத்தில் நடப்பது இன்னும் சுவையானது. நீரின் அழுத்தம் கால்களில் தேங்கும் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. கழுத்தளவு நீரில் இது சுமார் 700 மில்லிலிட்டர்! ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் போவதால் நாடித் துடிப்பு குறைகிறது. ஆகவே தரைக்குச் சொன்ன நாடிக் கணக்கைக் குளத்தில் பார்க்கக் கூடாது. பேச முடிகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்தால் போதும். குளத்தில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவதும் இதனால்தான். நெஞ்சில் இரத்தம் கூடியதும், உடலில் நீர் அதிகம் என்று எண்ணி அதை வெளியேற்றச் சொல்கிறது உடல். கூச்சப்பட ஒன்றுமில்லை. நடந்து முடித்ததும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பெர்த் நகரில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத முதியவர்களில் ஒரு குழுவைத் தரையிலும் இன்னொரு குழுவை நீரிலும் வாரம் மூன்று முறை, 24 வாரம் நடக்க வைத்தனர். முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. இரு குழுவினருக்கும் உடல் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. பயிற்சியை விட்டதும் அந்தப் பலன் கரைந்தது. பாதியில் விடுபவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எலும்பு விஷயத்தில் மட்டும் தரை நடைக்கு ஈடில்லை. எலும்பு உறுதிப்படச் சுமை வேண்டும். முடிந்த நாளில் வீட்டு வாசலிலும் கொஞ்சம் நடப்பது நல்லது.

குளம் தூரம், ஆறு பக்கம்தானே என்று இறங்கிவிடக் கூடாது. பகாங், லுபுக் யூவில் 2010-இல் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களையே எலிச் சிறுநீர்க் காய்ச்சல் உள்ளிட்ட கிருமி நோய்கள் தாக்கி உயிர்ப்பலி வாங்கின. லாபிஸ் வெந்நீர் ஊற்றில் காலை நனைப்பது இதமாக இருக்கும். நடைக்கு அது ஏற்றதல்ல. கொதிப்பான நீரில் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மிதமான வெதுவெதுப்பே நல்லது.

இனிப்புநீர் நோயால் பாதம் மரத்தவர்கள் நீரில் அணியும் ரப்பர் காலணி போட்டே இறங்க வேண்டும். குளத்துத் தரை உரசிய புண் அவர்களுக்கு வலிக்காது, ஆனால் காலையே பறிக்கும். ஆறாத புண், வலிப்பு, கட்டுக்குள் வராத இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

ஏறும்போது அவசரம் கூடாது. நெஞ்சுக்கு ஏறிய இரத்தம் மறுபடி காலுக்கு இறங்கும், அந்த நிமிடத்தில்தான் மயக்கம் வரும். கம்பியைப் பிடித்தபடி படியில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு கரையேறுங்கள். மகனோ மருமகளோ துண்டோடு பக்கத்தில் நிற்கட்டும்.