குடியை விட்டவரே துணை
(தோட்டக் கமிட்டிப் பொறுப்பாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடியைப் பற்றி நம் தொழிலாளர் பேசுவது புதிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து அடியும் பட்டார்கள். அந்தப் போராட்டம் கடையை எதிர்த்தது. கடை போன இடத்தில் சம்சு போத்தல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே இன்று நான் பேச வந்தது கடையைப் பற்றியல்ல, குடியை விட்ட மனிதனைப் பற்றி.

1935-இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் கெட்டவர்கள். ஒருவருக்கொருவர் உபதேசம் செய்யாமல், தம் தம் கதையைச் சொல்லிக்கொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் உலகமெங்கும் பரவிய குடிநோயாளர் கூட்டுறவு. பின்னாளில் ஜோர்ஜியா மாநிலத்தில், மனநோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பயிற்சி தந்து, பிறருக்குத் துணையிருக்கும் வேலையைச் சம்பள வேலையாகவே ஆக்கினார்கள். சிங்கப்பூரிலும் 2016-இல் இத்தகைய பயிற்சி தொடங்கியது. நாமும் நம் தோட்டங்களில் துணைத்தொண்டர்களைத் தயார் செய்ய முடியும். அந்தப் பயிற்சியை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

முதலில் ஆள் தேர்வு. இதில் நான் ஒரு தவறு செய்தவன். முன்பு சிறிய அளவில் முயன்றபோது, மேடையில் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக, குடியை விட்டு இரண்டே மாதமான ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். இரவில் குடிகாரர் வீட்டிற்கு அவரைத் தனியே அனுப்பினேன். மூன்றாம் வாரம் அவரே போத்தலோடு திரும்பினார். குற்றம் அவருடையதல்ல, என்னுடையது. இப்போது விதி இதுதான்: குறைந்தது ஓராண்டு குடிக்காமல் இருப்பவர், கேட்கத் தெரிந்தவர், இரவுப் போக்குவரத்தில் இருவராய்ப் போகச் சம்மதிப்பவர். தாமே தடுமாறினால் உடனே நம்மிடம் வந்து சொல்லும் மனம் வேண்டும். அப்படிச் சொன்னவரை நாம் ஏசக்கூடாது. ஏசினால் அடுத்தவர் மறைப்பார்.

பெண்களையும் சேருங்கள். குடிகாரக் கணவனால் அவதிப்படும் தாய்மார்களை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. தாமே குடிக்கும் பெண்கள் நம் லயங்களில் உண்டு. ஆண் துணைத்தொண்டரிடம் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது, உயிர் காக்கும் பாடம். இதைத்தான் முதல் நாளிலேயே நடத்தப்போகிறேன். பல்லாண்டு தினமும் குடித்தவர், வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றுவார்கள், காய்ச்சல் ஏறும். பேய் பிடித்தது என்று பூசாரியைத் தேடிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். அவரை ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்துத்தான் குடியை நிறுத்த வேண்டும். ஆதலால், "இன்றே விட்டுவிடு" என்று சத்தியம் வாங்குவது துணைத்தொண்டர் வேலையல்ல. வலிப்பும் பிதற்றலும் கண்டால் வண்டி பிடிப்பதே வேலை.

கள்ளச்சாராய விஷமும் அப்படியே. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் மாண்டார்கள். குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்றால், "தூங்கினால் தெளியும்" என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, வாய்க்கட்டு. லயத்துச் சுவர் மெல்லியது என்பது நமக்குத் தெரியும். ஒரு வீட்டு இருமல் மூன்றாம் வீட்டில் கேட்கும். ஆனால் துணைத்தொண்டரிடம் சொன்ன சொல் ஆபீசுக்கும் போகக்கூடாது, கமிட்டிக்கும் போகக்கூடாது, அவர் மனைவிக்கும் போகக்கூடாது. குடிப்பவர் பட்டியல் என்று ஒரு காகிதம் எழுதப்பட்டுவிட்டால், ஒரு நாள் அது யாருடைய வேலையையாவது பறிக்கும். கிராணி நண்பர்களே, செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. எவர் எத்தனை நாள் வரவில்லை என்று அறிய எங்கள் துணைத்தொண்டர் கேட்டால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அவர்களும் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்கள். தன் உயிரையோ பிறர் உயிரையோ போக்கிக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் இந்த விதி தளரும். அப்போது டாக்டரிடம் சொல்லியே தீரவேண்டும்.

வகுப்பு நேரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பால் நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டபின் பிற்பகலில் மூன்று மணிக்கு. எழுதப் படிக்க வராதவரும் வரலாம். பாடம் பெரும்பாலும் பேசியும் நடித்துமே நடக்கும். ஒருவர் குடிகாரராக நடிப்பார், ஒருவர் கேட்பார். சிரிப்பு வரும்; பிறகு சிலருக்கு அழுகையும் வரும்.

ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. பிற்பகலில் கைக்காசு வேலை பார்ப்பவர்கள் இந்த வகுப்பால் வருமானம் இழப்பார்கள். குடியை விட்டு, கடனை அடைத்துக்கொண்டு வருபவர்கள்தாம் இவர்கள். இலவசமாகச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பு நாட்களில் அவர்கள் இழக்கும் பணத்தைக் கமிட்டி நிதியிலிருந்து கொடுக்கவேண்டும் என்று முன்மொழிகிறேன். தலைவர் அவர்களே, இதை வழிமொழிவார் உண்டா என்று சபையைக் கேட்டுச் சொல்லுங்கள்.